குப்பைமேனி என்று நினைத்துப் பறித்தது

எனக்கு அப்போது ஒன்பது வயது. தங்கச்சிக்கு நெஞ்சுச் சளி. "போயி ஒரு புடி குப்பமேனி பறிச்சிகினு வாடா" என்று ஆயா அனுப்பினாள். எங்கள் பக்கம் அப்பாவைப் பெற்றவளும் ஆயாதான், அம்மாவைப் பெற்றவளும் ஆயாதான். இவள் அப்பாவைப் பெற்றவள்.

குப்பைமேனிக்கு வீட்டுக் கொல்லையே போதும். எருக்குழி ஓரத்தில் முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும். ஆனால் அன்றைக்கு எனக்குக் கொல்லை போதவில்லை. அய்யனார் கோயில் காட்டோரத்தில் சூரைப்பழம் கறுத்திருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் செய்தி வந்திருந்தது. குப்பைமேனி ஒரு சாக்கு. ஊருக்குக் கிழக்கே, கடற்கரைச் சாலைக்குப் போகிற வழியில் அந்தக் காடு. காடு என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், நடையைக் கட்டினால் கால் மணியில் சுற்றி வந்துவிடலாம்.

போன உடனே கண்ணில் பட்டது அந்த இலை. ஓரமெல்லாம் ரம்பப் பல். அதே பச்சை. காம்போரம் குப்பைமேனியில் இருக்கிற மாதிரியே என்னவோ பச்சைப் பூ. சூரைமுள் மேல் சுற்றிச் சுற்றி ஏறியிருந்தது. குப்பைமேனி கொடியாகப் படருமா என்ற கேள்வி ஒன்பது வயதில் வராது. ஒரு பிடி உருவினேன். இரண்டு கையும் பழத்துக்கு வேண்டும் என்பதால், உருவியதைச் சட்டைக்குள் போட்டு, அரைஞாண் கயிறு வரைக்கும் தள்ளிவிட்டுக்கொண்டேன்.

முதலில் எறும்பு என்றுதான் நினைத்தேன். ஒரு எறும்பு, அப்புறம் நாலு எறும்பு. சட்டையைத் தட்டினேன். தட்டினால் எறும்பு விழ வேண்டும், இது பெருகியது. வயிற்றில் யாரோ சூடான மிளகாய் அரைப்பைத் தடவிவிட்டுப் போன மாதிரி எரிந்தது, அதற்குமேல் அரித்தது. சொறிந்தேன். சொறிந்தது பெரிய தப்பு. இலையில் இருந்த மிச்சம் மீதியும் தோலுக்குள் போயிருக்கும். சட்டையைக் கழற்றி வீசிவிட்டு, கோயில் வாசலில் வரிசையாக நிற்கும் மண்குதிரைகளுக்கு நடுவே அலறிக்கொண்டு ஓடினேன். வீடு வந்து சேர்ந்தபோது வயிறு பூரா தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது.

ஆயா சிரித்தாள். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. சிரித்துக்கொண்டே மாட்டுக்கொட்டகைக்குப் போய் ஈரச் சாணியை அள்ளி வந்து வயிற்றில் அப்பினாள். காய்ந்ததும் உரித்தெடுத்தாள். முடியும் சேர்ந்து வந்தது. பிறகு தேங்காய் எண்ணெய். ஒரு மணி நேரம் எரிந்தது, அரிப்பு விளக்கு வைக்கிற வரைக்கும் இருந்தது.

"குப்பமேனியாண்டா இது? காஞ்சொறிடா. அது பாட்டுக்கு அது எடத்துல இருந்துது. நீதான் போயி அத்த மடியில கட்டிகினு வந்த."

தங்கச்சிக்கு அன்றைக்குக் குப்பைமேனி கிடைக்கவில்லை. சளி தானாகவே போய்விட்டது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. அந்தக் காஞ்சொறியைத்தான் போன புரட்டாசியில் இருந்து தொட்டியில் வளர்த்து விற்றுக்கொண்டிருக்கிறேன். இதை என் மனைவியிடம் சொன்ன நாளில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "முள்ளு, சொறி, விஷம்னு வரிசையா வெச்சி விக்கப்போறியா? யாரு வாங்குவா?" என்றாள். வாங்குவதற்கும் ஒருவர் வந்தார், அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு வேலை நாட்டுமர நாற்றங்காலில். மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே, கடற்கரையில் இருந்து உள்ளே தள்ளி, கொஞ்சம் செம்மண்ணும் கொஞ்சம் மணலுமான நிலம். வீரை, பாலை, காயா, உசில், காட்டு எலுமிச்சை என்று இந்தக் கரையோரக் காட்டுக்கே உரிய மரங்களை விதை பொறுக்கி வந்து முளைக்க வைக்கிறோம். சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் நீளமாக இருந்த காடு இது. ஆள் உயரம், இரண்டாள் உயரம் என்று குட்டையாக, நெருக்கமாக, வெயில் காலத்திலும் பச்சையாக நிற்கும். ஐப்பசி கார்த்திகை மழையை நம்பியே பிழைக்கிற காடு. கோடியக்கரையில் கொஞ்சம் இருக்கிறது, சென்னையில் கிண்டிப் பூங்காவுக்குள் கொஞ்சம். கோடியக்கரையை 1967இல் சரணாலயமாகவும் கிண்டியை 1978இல் தேசியப் பூங்காவாகவும் அரசு வளைத்துப் போட்டது. எங்கள் பக்கம் மிச்சம் இருப்பதெல்லாம் அய்யனார் புண்ணியம். கோயில் காட்டில் சுள்ளி ஒடித்தால் சாமி கண்ணைக் குத்தும் என்று பயந்ததால் ஒவ்வொரு ஊரிலும் துண்டு துண்டாகத் தப்பித்தது. கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலுக்குப் போனவர்கள் கோயிலைச் சுற்றியிருக்கிற காட்டைப் பார்த்திருப்பீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சந்நிதிக்குப் போய்விட்டு வந்திருந்தால் அடுத்த முறை பாருங்கள்.

அந்தக் காட்டின் ஓரத்துக்காரன்தான் இந்தக் கொடி. நடுக்காட்டில் இருட்டு, அங்கே அதிகம் காண முடியாது. வெயிலும் நிழலும் மாறி மாறி விழுகிற விளிம்பில் சூரை, ஆதொண்டை, காரை என்று எதன் மீதாவது சுற்றிக்கொண்டு ஏறும். பிரண்டை மாதிரி பற்றுக்கம்பி கிடையாது, தண்டே முறுக்கிக்கொண்டு போகும். தண்டு நூல் மாதிரி மெலிசு. ஒரு விரல் நீளத்துக்கு இலை, நுனி கூர்ந்து, ஓரம் பல்லுப் பல்லாக. தண்டிலும் இலையிலும் வெள்ளை மயிர். வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தால் கொடி முழுக்க ஒரு வெளிச்சம் சூழ்ந்திருக்கிற மாதிரி இருக்கும். அழகுதான். தூரத்தில் இருந்து.

பெயர் விஷயத்தில் ஊருக்கு ஊர் தகராறு. எங்கள் ஆயாவுக்குக் காஞ்சொறி. மருத்துவ நூல்களில் சிறுகாஞ்சொறி என்றும் செந்தட்டி என்றும் இருக்கும். இலங்கைத் தமிழர்கள் காஞ்சோண்டி என்பார்கள். மலையாளத்தில் கொடித்தூவ, சொறியணம். தெற்கே போனால் செந்தட்டி என்பதுதான் நாக்கில் புழங்குகிற பேர். அங்கே செந்தட்டி அய்யனார் என்று சாமியே உண்டு. செந்தட்டிக்காளை என்று பிள்ளைகளுக்குப் பெயரும் வைப்பார்கள். கல்லூரி விடுதியில் என் அறைக்கு அந்தப் பெயரில் ஒருவன் வந்து சேர்ந்தான். அவன் பெயரைச் சொல்லிக் கை நீட்டியபோது எனக்கு வயிறு அரித்தது. காரணத்தைச் சொன்னதும் விடுதி முழுக்க நான்கு வருஷம் அவனைத் தொட்டவனெல்லாம் சொறிந்துகாட்டினான். நல்ல பையன், பொறுத்துக்கொண்டான்.

குப்பைமேனி என்று நான் ஏமாந்ததிலும் ஒரு நியாயம் உண்டு என்று பிற்பாடுதான் தெரிந்தது. இரண்டும் ஒரே குடும்பம். ஆமணக்கு, மரவள்ளி, குப்பைமேனி, செந்தட்டி எல்லாம் பங்காளிகள். மலையில் முகத்தைத் தீய்த்துவிடும் பெரிய சொறிச்செடிகள் வேறு குடும்பம், ஆங்கிலத்தில் அவைதான் நெட்டில். ஆங்கிலத்தில் இதை 'இந்திய நெட்டில்' என்று எழுதுவதைப் பார்த்து நெட்டில் சாதி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. கடிக்கிற விதமே வேறு.

எப்படி வேறு என்பதை ஒரு லென்ஸ் கையில் வந்த பிறகு உட்கார்ந்து பார்த்தேன். விதை பார்க்க வாங்கிய லென்ஸ், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். நெட்டிலின் மயிர் ஊசி மருந்து போடும் ஊசி மாதிரி: உள்ளே குழாய், நுனி கண்ணாடிச் சத்து. நுனி ஒடிந்ததும் அடியில் இருக்கிற பையில் இருந்து சாறு உள்ளே ஏறும். செந்தட்டி அந்த வழிக்கே போகவில்லை. அதன் மயிரின் நடுவில் நீளமான ஒரு செல், அதற்குள் கூரான ஒரு படிகம். கால்சியம் ஆக்சலேட். நாம் உரசினால் மேலே இருக்கிற மெல்லிய சுவர் கிழிந்து, படிகம் நேராகத் தோலில் இறங்குகிறது. படிகத்தின் பக்கத்தில் ஒரு காடி ஓடுகிறது, செல்லில் இருக்கிற சாறு அந்தக் காடி வழியாகவே காயத்துக்குள் போகிறது. படிகமெல்லாம் என் லென்சுக்கு எட்டாது, மைக்ரோஸ்கோப் வேண்டும். லென்சில் தெரிவது கண்ணாடி இழை மாதிரி நிற்கும் மயிர் மட்டும்தான். ஆனால் இதைப் படித்த பிறகு அந்த இழையைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது.

கால்சியம் ஆக்சலேட் நமக்குப் புதிதில்லை. கருணைக்கிழங்கைச் சரியாக வேகவிடாமல் தின்றால் தொண்டையைப் பிடித்துக்கொள்கிறதே, அதுவும் இந்த ஊசிப்படிகத்தின் வேலைதான். கருணைக்குப் புளி போடுகிறோம். காஞ்சொறிக்கு ஆயா சாணி போட்டாள். இதையெல்லாம் யோசித்துவிட்டு ஒருநாள், செய்யக்கூடாத ஒரு காரியம் செய்தேன். இலையை உள்ளங்கையில் மெதுவாக வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை, தோல் தடிமன். அதே இலையை மணிக்கட்டின் உள்பக்கம் வைத்தேன். ஐந்து எண்ணுவதற்குள் தெரிந்துவிட்டது. அன்றைக்கு ஒன்பது வயதில் கையால் உருவும்போது ஏன் ஒன்றும் தெரியவில்லை, வயிற்றில் பட்டதும் ஏன் உலகமே தெரிந்தது என்பதற்கு முப்பது வருஷம் கழித்துப் பதில் கிடைத்தது. மணிக்கட்டுக்குச் சாணி தேடிப் போனேன். நாற்றங்காலில் எங்களுக்குத் தொழு உரம்தான் உண்டு, மாடு இல்லை. நல்லெண்ணெயோடு சமாளித்தேன்.

வேர்தான் மருந்து என்பார்கள் சித்த வைத்தியத்தில். காய்ச்சலுக்கு, தோல் அரிப்புக்கு. அரிப்பு கொடுக்கிற செடியின் வேரையே அரிப்புக்குக் கொடுக்கிறார்கள். கேரளத்தில் ஆடி மாதத்துப் பத்திலைக் கறியில் கொடித்தூவையும் ஒன்று. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் மயிரின் வீரியம் போய்விடும், சாதாரணக் கீரை. நான் இன்னும் தின்று பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கீரையைக் கழுவப்போவது யார் என்ற இடத்திலேயே பேச்சு நின்றுபோகிறது.

விஞ்ஞானப் பெயர் டிராகியா இன்வொலுக்ரேட்டா. செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டிய ஸ்வீடன்காரர் லின்னேயஸ் 1753இல் வைத்தது. அதற்கு முன்னாலேயே கொச்சியில் இருந்த டச்சுக் கவர்னர் வான் ரீட் தொகுத்த மலபார்ச் செடி நூலில், 'சொறியணம்' என்ற உள்ளூர்ப் பெயரோடேயே இது படமாக வந்துவிட்டது. இன்வொலுக்ரேட்டா என்றால் சுற்றி உறை போர்த்தியது என்று அர்த்தம். பெண்பூவின் புல்லிகள் ஆறும் காய் முற்ற முற்ற வளர்ந்து, சீப்புப் பல் மாதிரி கிழிந்து, காயைச் சுற்றி வேலி கட்டும். அந்த வேலியிலும் மயிர். கொடியிலேயே அதிகம் கடிக்கிற இடம் அதுதான் என்பது என் சொந்த அனுபவம்.

எனக்குப் பிடித்தது முதல் பாதி, டிராகியா. அது ஒரு மனிதர் பெயர். ஜெர்மனியில் ஹியரோனிமுஸ் போக் என்று ஒரு மூலிகைக்காரர், 1498இல் பிறந்தவர். ஜெர்மன் மொழியில் போக் என்றால் கிடா. அந்தக் காலத்துப் படித்தவர்கள் பெயரைக் கிரேக்கத்திலோ லத்தீனிலோ மாற்றிக்கொள்வார்கள், இவர் கிரேக்கக் கிடாவாகி டிராகுஸ் ஆனார். பிறகு சார்ல் ப்ளூமியே என்ற பிரெஞ்சுக்காரர் மேற்கிந்தியத் தீவுகளில் இந்த இனத்துக் கொடிகளைப் பார்த்து, டிராகுஸ் பெயரைச் சூட்டினார். கோயில் வாசலில் நிற்கிற ஈழத்தலரியின் பெயர் ப்ளுமேரியா, அது இந்த ப்ளூமியே பெயரில் வந்தது. ஆக அய்யனார் கோயிலில் ப்ளூமியே வாசலில் பூத்து நிற்கிறார், கிடா வேலியில் ஏறிக் கடிக்கிறது.

இதை எங்கள் பக்கத்து ஆட்டுக்கார அக்காவிடம் சொன்னேன். "வெள்ளக்காரன் இதுக்குக் கெடான்னு பேரு வெச்சிருக்கான்க்கா." அக்கா கொடியைப் பார்த்தாள், தன் ஆடுகளைப் பார்த்தாள். "எங்க கெடா இத்த மோந்துகூட பாக்காது தம்பி. குட்டிங்க ஒரு வாட்டி வாய வெக்கும். அதோட சரி. அப்புறம் அந்தப் பக்கமே போவாது." சரியாக அப்போது ஒரு குட்டி வந்து கொழுந்தை இழுத்தது. இரண்டு கடி. தும்மியது. உதட்டைத் தரையில் தேய்த்துக்கொண்டே தாயிடம் ஓடியது. அக்கா என்னைப் பார்த்து, நான் சொல்லவில்லையா என்பது போலத் தலையை ஆட்டினாள்.

அக்கா சொன்னது மனதில் கிடந்ததால்தான் தானே புயலுக்குப் பிறகு நான் பார்த்த ஒன்று எனக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை ஏறியது தானே. கடலூர்ப் பக்கத்தில் பலாவும் முந்திரியும் விழுந்ததை ஊரே பேசியது. எங்கள் கோயில் காட்டில் விழுந்ததை யாரும் எண்ணவில்லை. குளத்துக்குப் பக்கத்தில் இரண்டு கிழட்டுப் பாலையும் ஒரு பெரிய உசிலும் ஒன்றன் மீது ஒன்றாகச் சாய்ந்து, நடுக்காட்டில் ஒரு களம் அளவுக்கு வானம் திறந்துவிட்டது. காய்ந்து விழுந்ததைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது பழைய கட்டு. தானேக்குப் பிறகு யாரும் கட்டைப் பார்க்கவில்லை. மூன்று வாரம் கரண்ட் இல்லை, கேஸ் வரவில்லை, அடுப்பு எரிய வேண்டுமே. ஆளாளுக்கு அரிவாளோடு போனார்கள். தப்புச் சொல்ல மாட்டேன், எங்கள் வீட்டு அடுப்பிலும் அந்த உசில் எரிந்தது.

ஆனால் பாலை விழுந்த இடத்தில் மட்டும், மழை ஈரத்தில், வெளிச்சம் கண்ட செந்தட்டி இரண்டு மாதத்துக்குள் கிளைகளை எல்லாம் மூடிக்கொண்டது. அரிவாளோடு போனவர்கள் ஓரத்தில் இருந்ததை வெட்டிக்கொண்டு முழங்கையைச் சொறிந்தபடி திரும்பினார்கள். அடுத்த வருஷம் ஆடுகளும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. நான் விதை பொறுக்கப் போகிறவன், எனக்கு அங்கே போக ஒரு காரணமும் இல்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு பங்குனியில், கொடி காய்ந்து சுருண்டிருந்தபோது, கோணிப்பையைக் கையில் சுற்றிக்கொண்டு விலக்கிப் பார்த்தேன். அடியில் வீரைக் கன்றுகள். முழங்கால் உயரம். எண்ணினேன், இருபத்து மூன்று. வீரை நத்தை மாதிரி வளர்கிற மரம், சின்னதில் ஆட்டு வாய்க்குத் தப்பினால்தான் உண்டு. காட்டின் மற்ற ஓரங்களில் அந்த உயரத்துக்கு ஒரு வீரைக் கன்றை நான் அதுவரை பார்த்ததே இல்லை. செந்தட்டிதான் காப்பாற்றியது என்று கோர்ட்டில் சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன். பார்த்தது அது, அவ்வளவுதான்.

அந்த இடத்தைப் பிற்பாடு பொக்லைன் சுத்தம் செய்தது. கும்பாபிஷேகம் வந்தது, 'கோயிலைச் சுற்றி ஒரே முள்ளும் சொறியும், பொம்பளைங்க சாமி கும்பிட வர வேண்டாமா' என்று விழா நடத்தியவர்கள் முடிவெடுத்தார்கள். அரை நாள் வேலை. இப்போது அங்கே சிமென்ட் கல் பதித்து, வண்டி நிறுத்துகிறார்கள். நான் சண்டை போட்டேன் என்று எழுத ஆசைதான், போடவில்லை. வீரைக் கன்றுகளில் ஏழைப் பெயர்த்தெடுத்து வர மட்டும் அனுமதி கேட்டேன். "எடுத்துக்கோ, அது ஒனக்கு எதுக்கு?" என்றார்கள். ஏழில் நான்கு பிழைத்தது. ஐப்பசி மழையில் சிமென்ட் கல்லுக்கு நடுவே இருந்த சந்தில் செந்தட்டி மறுபடி தலையைக் காட்டியது. வேர் அடியில் இருந்தால் மழைக்கு வந்துவிடும் அது. அங்கே வண்டி நிறுத்துகிற ஒருவர் சாண்டலைக் கழற்றிவிட்டுக் கணுக்காலைச் சொறிந்துகொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் நல்ல சந்தோஷம் இல்லை.

சரி, வியாபாரத்துக்கு வருகிறேன். ஒரு பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் போன் செய்தார். பட்டாம்பூச்சித் தோட்டம் போடுகிறார்களாம். தேன் குடிக்கிற பூச்செடி எல்லாரும் தருகிறார்கள், புழு தின்கிற செடி வேண்டும் என்றார். பரவாயில்லை, விஷயம் தெரிந்தவர் என்று நினைத்தேன். எருக்கு வேண்டும், கறிவேப்பிலை வேண்டும், ஆடுதீண்டாப்பாளை வேண்டும். கடைசியில், "செந்தட்டி இருபது தொட்டி கிடைக்குமா சார்?" என்றார். இத்தனை வருஷத்தில் அதைக் காசு கொடுத்துக் கேட்ட முதல் ஆள். "சார், அது அரிக்கும்" என்றேன். "தெரியும் சார். ஸ்கூல் பின்பக்க வேலியில ஏத்தப் போறோம். பசங்க அந்த வேலியைத்தான் தாண்டிக் குதிக்கிறாங்க" என்றார். பட்டாம்பூச்சி பாதி, வேலி பாதி.

விதை எடுப்பதுதான் பெரும்பாடு. காய் மூன்று உருண்டை சேர்ந்த மாதிரி இருக்கும், உருண்டைக்கு ஒரு விதை, மிளகைவிடச் சின்னது. பச்சையில் பறித்தால் முளைக்காது. முற்றவிட்டால் ஆமணக்கு மாதிரி வெடித்து எங்கேயோ தெறித்துவிடும். வெடிக்கிற நாளுக்கு முந்தின நாள் பறிக்க வேண்டும், அது எந்த நாள் என்று அதற்கு மட்டும்தான் தெரியும். கடைசியில் கல்யாண வீட்டில் பாக்கு மஞ்சள் போட்டுத் தருகிறார்களே, வழவழப்பான வலைப்பை, சுருக்குக் கயிறு வைத்தது, அதைக் காயோடு சேர்த்துக் கொடியில் கட்டிவிட்டேன். மனைவி நாலைந்து வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பைகள். 'சந்தோஷ் வெட்ஸ் லாவண்யா' ரக எழுத்துப் போட்ட இளஞ்சிவப்புப் பைகள் காட்டோரத்தில் செந்தட்டிக் கொடியில் தொங்கின. கையுறை போட்டால் சுருக்குக் கயிறு பிடிபடாது, கழற்றினால் விரல் இடுக்கில் கடிக்கும். உள்ளங்கைக்கு இருக்கிற தடிமன் விரல் இடுக்குக்கு இல்லை. ஒரு மதியம் பைக்குள் 'டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. உதறிப் பார்த்தேன், மூன்று விதை உள்ளே உருண்டது. அந்த மூன்று விதைக்காக நான் பட்ட ஆனந்தத்தை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அறுபது விதை போட்டேன். மணலும் செம்மண்ணும் தொழு உரமும் கலந்து. மழை பிடித்த பிறகே முளைத்தது, இருபத்து நான்கு வந்தது. தொட்டிக்கு ஒரு குச்சி நட்டேன். குச்சி நட்ட மூன்றாம் நாள் கொடி அதைக் கண்டுபிடித்துவிடும். நாற்றங்காலில் தண்ணீர் ஊற்றுகிற அம்மா அந்த வரிசைக்கு மட்டும் எட்டி நின்று பைப்பை அடிப்பார். "இத்த எல்லாம் காசு குட்த்து வாங்குறானுங்களா" என்று தினமும் ஒரு முறை கேட்பார். பதிலுக்கு நிற்க மாட்டார்.

நான்கு செத்தது. இருபது மிஞ்சியது, கணக்குச் சரி. வண்டி வரவேண்டிய நாள் காலையில் ஒவ்வொரு தொட்டியாகத் துடைத்துக்கொண்டு வந்தேன். பதினோராவது தொட்டியில் ஒரு இலை ஓட்டையாக இருந்தது. கத்தரித்து எடுக்கலாம் என்று புரட்டினால், அடியில் புழு. பச்சை உடம்பு, முதுகெல்லாம் கிளைவிட்ட முள், தலையில் மான்கொம்பு மாதிரி இரண்டு கொம்பு. ஆமணக்குச் செடியில் இதே புழுவைப் பார்த்திருக்கிறேன். காவி நிறத்தில் அலை அலையாகக் கோடு போட்ட பட்டாம்பூச்சியாக ஆகும். ஆமணக்கு இல்லாவிட்டால் அதன் பங்காளி செந்தட்டிக்கு வரும். பக்கத்து இலையில் வெள்ளை முட்டை ஒன்று. லென்சை வைத்தேன். முட்டையைச் சுற்றிலும்கூட மயிர் சிலிர்த்து நின்றது. செந்தட்டியின் மயிருக்கு நடுவே, இன்னொரு மயிர் உருண்டை. புழு அந்த ஊசிக்காட்டில் அவசரமே இல்லாமல் தின்றுகொண்டிருந்தது. இலை ஓரத்தில் இருந்து உள்நோக்கி, ஒரு வாய், ஒரு நிறுத்தம், ஒரு வாய். நான் ஒன்பது வயதில் சட்டைக்குள் போட்டுக்கொண்டு அலறிய அதே இலை.

வண்டியில் ஆடிக்கொண்டு போனால் விழுந்துவிடும் என்று அந்தத் தொட்டியை மட்டும் எடுத்து நிழலில் வைத்துவிட்டுப் பத்தொன்பது அனுப்பினேன். ஏற்றும்போது வண்டிக்காரர் முழங்கையில் வாங்கிக்கொண்டு, நான் இதுவரை கேட்டிராத ஒரு வார்த்தை சொன்னார்.

சாயங்காலம் வாத்தியார் போன்.

"சார், இருபது சொன்னேன். ஒண்ணு குறையுதே?"

"ஒண்ணுல புழு வெச்சிருச்சி சார். முட்டையும் இருக்கு. நல்ல செடியா வேற ஒண்ணு வளத்துத் தர்றேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"யோவ்," என்றார், "அதத்தானய்யா மொதல்ல ஏத்தியிருக்கணும்!"

அரை மணி நேரத்தில் பைக்கில் வந்துவிட்டார். தொட்டியை முன்னால் பெட்ரோல் டேங்க் மேல் வைத்து, இரண்டு தொடைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார். "சார், பேன்ட்டுல படும்" என்றேன். "ஜீன்ஸ்தான், தாங்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கடற்கரைச் சாலைத் திருப்பத்தில் வண்டி நின்றதையும், அவர் இறங்கி ஒரு காலை உதறியதையும், மறுபடி ஏறி அதே மாதிரி இடுக்கிக்கொண்டு போனதையும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.